சொரிமுத்து போட்ட சிவப்பு நட்சத்திரம்

அச்சன்புதூரிலிருந்து தென்காசி வந்து சேர்வதற்குள் சொரிமுத்து பஸ்ஸில் மூன்று சீட் மாறுவான். வெயில் அடிக்கிறது என்று ஒன்று, கால் வைக்க இடமில்லை என்று ஒன்று, மூன்றாவதற்குக் காரணமே கிடையாது. டிக்கெட் கிழிக்கும்போதே கண்டக்டர் கேட்பார்: "இன்னைக்கு எங்கன உக்கார்றதா உத்தேசம்?"

வயது இருபத்தொன்பது. படித்தது கம்ப்யூட்டர். சென்னைக்குப் போய் எட்டு மாதத்தில் ஐந்து ரூம், மூன்று கம்பெனி மாறிவிட்டுத் திரும்பி வந்தான். இப்போது தென்காசியில் ஒரு செருப்புக்கடை மாடியில் எங்களோடு வெப்சைட் செய்கிறான். கல்யாண மண்டபம், நகைக்கடை, நர்சரிப் பள்ளி என்று யார் வந்தாலும் செய்து கொடுப்போம். ஜனங்கள் பார்க்கிற முன்பக்கத்தை நான் அழகுபடுத்துவேன். அதற்குப் பின்னால், வீட்டுக்குப் பின்கட்டு மாதிரி, அட்மின் பக்கம் ஒன்று உண்டு. பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் விவரங்களை ஏற்றுகிற இடம். அங்கே எந்தக் கட்டம் மேலே வர வேண்டும், எதை நிரப்பாவிட்டால் சேவ் ஆகக் கூடாது, பட்டியலில் எதை வைத்து ஃபில்டர் போட்டுத் தேடலாம் என்பதெல்லாம் சொரிமுத்து ராஜ்யம்.

வேலையில் கெட்டிக்காரன். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முகூர்த்த நாளில் எந்த மண்டபம் காலி என்று ஒரே தட்டில் காட்டுகிற ஃபில்டரை அரை நாளில் செய்து கொடுத்தான். மண்டபக்காரர் அவனுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். பிரச்சினை அடுத்த வாரம் தொடங்கும். எழுந்து நடப்பான், நகம் கடிப்பான், திரும்ப வந்து உட்கார்ந்து, நன்றாக இருந்த பட்டனை இடமிருந்து வலம் மாற்றுவான். மறுநாள் மண்டபக்காரர் போனில் அழுவார்.

ஒரு கல்யாணத் தகவல் மையத்துக்கு அவன் செய்த தளத்தில் தன் ஜாதக விவரத்தையும் ஏற்றி வைத்தான். ஆறு மாதம் ஒரு பெண் வீட்டார்கூடக் கூப்பிடவில்லை. அவன் அம்மா சனிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டாள். கடைசியில் பார்த்தால், 'நிரந்தர வேலை' என்ற ஃபில்டரை எப்போதும் டிக் போட்டபடி திறக்குமாறு அவனே வைத்திருக்கிறான். தன் விவரத்தில் 'இல்லை' என்று நேர்மையாகப் போட்டிருக்கிறான்.

"என்னய நானே சலிச்சு வெளிய தள்ளிட்டேம்லே," என்றான் என்னிடம். வருத்தப்படுவான் என்று பார்த்தால், ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்கிறதே என்று பெருமை வேறு.

இவனைக் கொண்டுபோய்த்தான் குற்றாலத்தில் சீசன் நேரத்தில் விட்டார்கள்.

அருவிப் பாதை வியாபாரிகள் சங்கம் என்று ஒன்று. குளிக்க வந்தவர்கள் விட்டுவிட்டுப் போகிற பொருள்களைச் சேர்த்துவைத்து, உரியவர் வந்தால் கொடுப்பார்கள். துண்டு, செல்போன், கண்ணாடி, ஒற்றைக் கொலுசு, போன வருஷம் ஒரு பல்செட். பை மட்டும் வாரத்துக்கு நூறு வரும். எல்லாவற்றுக்கும் நம்பர் ஒட்டி, இருபது இருபதாகச் சாக்கில் கட்டி, பின்னறையில் அடுக்குவார்கள். எந்த நம்பர் எந்தச் சாக்கில் என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். நம்பர் இல்லாமல் சாக்கைத் தொடக் கூடாது. முடிச்சுப் போட்ட பையை உரியவர் வந்துதான் பிரிக்க வேண்டும். போன சீசனில் ஒருவர் சாக்கை உருட்டித் தேடி அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து இந்தச் சட்டம்.

சட்டம் போட்டவர் சங்கச் செயலாளர் நல்லகண்ணு அண்ணாச்சி. துண்டுக்கடை வைத்திருக்கிறார். சீசனில் மைக்கில் அறிவிப்புச் செய்வதும் அவர்தான். அந்தப் பழக்கத்தில் மைக் இல்லாவிட்டாலும் எதையும் இரண்டு தடவை சொல்வார். "டீ வந்துட்டு. டீ வந்துட்டு." வீட்டிலும் இப்படித்தானாம்.

விவரம் ஏற்றுகிறவள் ஜெனியக்கா. ஆலங்குளத்துக்காரி. பத்து வருஷமாக டைப் அடிக்கிற கை. காலையில் பக்கத்தைத் திறந்ததும் அவள் ஜெபம் பண்ணுவதற்கு முன் கேட்பது, "இன்னைக்கு என்னத்தலே மாத்தித் தொலைச்சிருக்க?"

சேவ் பட்டன் தினமும் ஊர் சுற்றுகிறது என்று ஒருநாள் ஸ்கிரீன் ஓரத்தில் காகித அம்பு வெட்டி ஒட்டினாள். மறுநாள் சொரிமுத்து பட்டன்களை இடம் மாற்ற, அம்பு சரியாக 'நீக்கு' என்பதைக் காட்டியது. ஏழு குடைகள் காணாமல் போயின. கம்ப்யூட்டரில்தான். குடைகள் சாக்கில் பத்திரமாக இருந்தன.

அந்த வாரம் அவன் செய்தவை இவை. பட்டியல் நீளமாக இருக்கிறதென்று, திறந்ததும் கடைசி மூன்று நாள் பொருள் மட்டும் தெரியுமாறு வைத்தான். ஆளுக்கு ஒரு நிறம் சொல்கிறார்களென்று நிறம் என்ற கட்டத்தையே எடுத்தான். 'உரிமையாளர் பெயர்' கட்டத்தை ஜெனியக்கா காலியாகவே விடுகிறாளென்று, அதன் தலையில் சிவப்பு நட்சத்திரம் வைத்தான். நட்சத்திரம் இருந்தால் நிரப்பாமல் சேவ் ஆகாது.

"தொலைஞ்ச சாமானுக்கு உரிமையாளர் யாருன்னு எனக்கு எப்படிலே தெரியும்? தெரிஞ்சா நானே போயிக் குடுத்துட மாட்டனா?"

"எங்கயாவது எழுதியிருக்கும்லாக்கா. பையில என்ன எழுதியிருக்கோ அதப் பாத்துப் போடுங்க."

"அப்படியா? போடுதேன். நல்லா போடுதேன்."

அந்த 'நல்லா'வை அவன் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. லேபிள் ஒட்டும் ரோல் கொடுக்க நானும் போயிருந்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மணி மூன்றாகக் கால் மணி இருக்கும்போது ஒரு பெண் ஓடி வந்தாள். தலை ஈரம், காலில் சேறு. பெயர் அனுசியா, ஊர் ராயகிரி.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை இங்கன ஒரு பைய விட்டுட்டேன். துணிப்பை. உள்ள ஃபைல் இருக்கு. என் சர்டிஃபிகேட் அம்புட்டும் ஒரிஜினல். நாளைக்கு காலையில திருநெல்வேலியில போலீசு வேலைக்கு வெரிஃபிகேஷன். ஒரிஜினல் இல்லன்னா உள்ளயே விடமாட்டாங்க."

"நாலு நாளா என்னம்மா பண்ணுன?" என்றாள் ஜெனியக்கா.

"ஜெராக்ஸ் எடுக்க தென்காசி வந்தோம்க்கா, நானும் என் கூட்டாளி அபியும். அப்படியே ஒரு குளி போட்டுட்டுப் போவோம்னு வந்தோம். பை அவகிட்ட இருக்குன்னு நான் இருந்தேன், என்கிட்ட இருக்குன்னு அவ இருந்திருக்கா. இன்னைக்குக் காலையில போயி பையத் தாட்டின்னு கேட்டா, எந்தப் பைங்கா."

ஓட்டம், நீளத் தாண்டல், எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டியவள். ஒன்றரை வருஷம் விடியுமுன் எழுந்து ஊர்க் கண்மாய்க்கரையில் ஓடியவள். இரவு ஆலங்குளத்தில் சித்தி வீட்டில் தங்கிவிட்டு விடிந்ததும் திருநெல்வேலி போவதாகத் திட்டம்.

அண்ணாச்சி உள்ளே வந்தார். புதுவேட்டி. "செங்கோட்டையில ஒரு ரிசப்ஷன். நாலரைக்கு நான் சாவியோட போயிருவேன். நாலரைக்கு நான் சாவியோட போயிருவேன்."

ஜெனியக்கா 'அனுசியா' என்று தேடினாள். ஒன்றுமில்லை. 'ராயகிரி' என்று போட்டாள். ஒன்றுமில்லை.

"வரலையேம்மா. யாரும் எடுத்துக் குடுக்கல போல."

அனுசியாவின் முகம் மாறியதைப் பார்த்ததும் சொரிமுத்து எழுந்தான். நடந்தான். ஜன்னல் வரை போய்த் திரும்பினான். "எந்தக் கெழமைன்ன?"

"ஞாயிறு அண்ணே."

"யக்கா, அது மூணு நாள்தான் காட்டும். செவ்வா, புதன், இன்னைக்கு. நான்தான்..." மீதியை விழுங்கிவிட்டு மவுஸைப் பிடுங்கினான். மூன்று நாள் ஃபில்டரை எடுத்ததும் பட்டியல் பெருகி ஓடியது. பை என்ற வகையில் மட்டும் தொண்ணூற்று நான்கு.

"என்ன நெறம்?" என்று கேட்டான், கேட்ட வாயை மூடினான்.

"நெறத்தத்தான் போன வாரமே தூக்கிப் போட்டுட்டியே மவராசா," என்றாள் ஜெனியக்கா.

தொண்ணூற்று நான்கு பைகள், ஐந்து சாக்கு. "அண்ணாச்சி, அஞ்சையும் அவுத்துப் பாத்துருவோமா?"

"நம்பர் இல்லாம சாக்கு அவுக்க முடியாது. நம்பர் இல்லாம சாக்கு அவுக்க முடியாது." அவர் கெட்ட மனிதரில்லை. போன வருஷம் பை மாறிப் போனபோது பறிகொடுத்தவன் கடை வாசலில் நின்று பேசிய பேச்சை ஒரு வருஷமாகச் சுமக்கிறவர்.

சொரிமுத்து நின்றபடியே பட்டியலை உருட்டினான். உரிமையாளர் பெயர்க் கட்டத்தில் கண் நின்றது. முத்துராமன்–பேச்சியம்மாள். அருண்–தங்கச்செல்வி. கைலாசம்–ஸ்வாதி. ஒரு ஜவுளிக்கடைப் பெயர். மறுபடி ஒரு ஜோடி.

"என்னக்கா, எல்லாப் பைக்கும் ரெண்டு ரெண்டு ஆளு?"

"நீதானலே பையில எழுதியிருக்கதப் பாத்துப் போடுன்ன? தாம்பூலப் பையில மாப்பிள்ள பொண்ணு பேரத்தான் அடிச்சிருப்பான். உன் நட்சத்திரம் என்னய வுடல, நானும் வுடல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். நம் பக்கத்தில் எவன் தன் பெயர் போட்ட பையைத் தூக்குகிறான்? எவன் கல்யாணத்துக்கோ போய்த் தேங்காயும் வெற்றிலையும் வாங்கிவந்த பை ஆணியில் தொங்கும். அடுத்து எங்கே கிளம்பினாலும் அதுதான் தோளில் ஏறும்.

சொரிமுத்து அவள் பக்கம் திரும்பினான். "ஏம்மா, நீ கொண்டுவந்தது யாரு கல்யாணத்துப் பை?"

"எவ கல்யாணமோ! ஆணியில கெடந்துச்சு, எடுத்து வாயில முடிச்சுப் போட்டுட்டு வந்தேன். பேரெல்லாம் யாரு வாசிச்சா?"

"அம்மாவக் கூப்புடு. வெரசா."

ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஆடு கத்தியது.

"எம்மா, நான் ஞாயித்துக்கெழம எடுத்துட்டுப் போனது எந்தக் கல்யாணத்துப் பை?"

"எந்தப் பையட்டி? ஐயோ, அந்தக் கெட்டிப் பையவா கொண்டு போன? ரேஷனுக்கு வச்சிருந்தேனட்டி! ஊருபட்ட பை கெடக்கும்போது அது ஒண்ணுதானா உன் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு?"

"எம்மா! யாரு கல்யாணம்னு சொல்லு."

"அது வந்து, பாயாசம் அடிப்பிடிச்ச கல்யாணம் இருக்குல்லா..."

"மாப்பிள்ள பேரு?"

"மாப்பிள்ள பேரு எனக்கென்ன தெரியும்? உங்கப்பாகூட லாரியில போனாருல்லா, மகாராஜா, அவரு கொழுந்தியா மவ கல்யாணம். மழை பெஞ்சு என் செருப்பு போச்சு. புதுச் செருப்பு."

"ஆச்சி," என்று சொரிமுத்து போனை வாங்கினான். "பத்திரிக இருக்கா வீட்டுல?"

"நீரு யாரு?"

"நான் பை தேடுதவன், ஆச்சி."

"ஆச்சியா? எனக்கு நாப்பத்தஞ்சுதான் ஆவுது."

"மன்னிச்சுக்கிடுங்க அத்தை. பத்திரிக, பத்திரிக!"

அந்தம்மா காலண்டர் பின்னால் தேடப் போனாள். போனில் ஆடு மட்டும் பேசியது. சொரிமுத்து வாசலுக்குப் போனான், வந்தான், போனான். அனுசியா அசையாமல் நின்றாள். அவள் கட்டை விரல் மட்டும் துப்பட்டா முனையைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது. அண்ணாச்சி சாவிக் கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "மணி மூணே முக்கால். மணி மூணே முக்கால்."

"ஏட்டி, கெடச்சிட்டு. வாசிக்கேன். திருநிறைச் செல்வன்... கை... கைலாசம். செல்வி ஸ்வாதி. மண்டபம் ஆலங்குளத்துல."

ஜெனியக்கா அதற்குள் தட்டிவிட்டாள். கைலாசம்–ஸ்வாதி. ஒன்றல்ல, மூன்று வந்தன.

"ஒரே கல்யாணத்துக்குப் போனவன்லாம் ஒரே நாள்ல குளிக்கவும் வந்திருக்கான் பாரு," என்றாள்.

மூன்று நம்பர், மூன்று சாக்கு. இப்போது நம்பர் இருந்ததால் அண்ணாச்சி கதவைத் திறந்தார். முதல் பையில் ஈரத்துண்டும் பாதி கரைந்த சோப்பும். நாற்றம் தாங்கவில்லை. இரண்டாவதில் முறுக்கு, அதைத் தின்று கொழுத்த எறும்பு. மூன்றாவதன் முடிச்சைத் தொட்டதுமே அனுசியா, "இது நான் போட்ட முடிச்சு," என்றாள். ஈரத்தில் இறுகிப்போய் அது அவிழவில்லை. ஜெனியக்கா பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

நீல பிளாஸ்டிக் ஃபைல். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, சாதிச் சான்று, கபடிச் சான்று. தரையில் உட்கார்ந்து எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். ஒவ்வொன்றிலும் 'அனுசியா' என்ற பெயரும் அவளுடைய போட்டோவும்.

"கெடச்சிட்டுல்லா, கெளம்பு. அஞ்சரைக்கு தென்காசியில பஸ்," என்றான் சொரிமுத்து.

"கம்ப்யூட்டர்ல ஒப்படைப்பு ரசீது போட்டாத்தான் பை வாசல தாண்டும்," என்றார் அண்ணாச்சி. இன்னொரு முறையும் சொன்னார்.

ஜெனியக்கா ரசீதைத் திறந்து, பெறுபவர் பெயரில் 'அனுசியா' என்று அடித்தாள். சிவப்பில் ஒரு வரி வந்தது: பெறுபவர் பெயர் உரிமையாளர் பெயரோடு பொருந்தவில்லை.

அறையே சொரிமுத்துவைப் பார்த்தது.

"நேத்து ராத்திரிதான் வச்சேன்," என்றான் மெல்ல. "பை மாறிப் போயிரக் கூடாதுன்னு அண்ணாச்சி சொன்னாவோ..."

"அப்போ உரிமையாளர் பேர மாத்துதேன்," என்று ஜெனியக்கா அந்தக் கட்டத்தைத் தட்டினாள். தட்டினாள். சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

"ஒரு தடவ சேவ் ஆனா மாத்த முடியாது," என்றான் இன்னும் மெல்ல. "அதுவும் நான்தான்."

"ஏலே, நாசமாப் போறவனே! ஒரு மாசமா மாத்தாத மாத்தாதன்னு கத்துனேன். இப்ப மாத்துலே! இப்ப மாத்து!"

அனுசியா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தாள். "அண்ணாச்சி, ஃபைல்ல என் போட்டோ இருக்கு."

அண்ணாச்சிக்கும் தெரியும். போட்டோவையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். "தெரியுதும்மா," என்றார், முதல் தடவையாக ஒரே ஒரு தடவை. "ஆனா இன்னைக்கு உன்னய ரசீது இல்லாம வுட்டேன்னா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். லேய் சொரிமுத்து, நாலரை வரைக்கும் நிக்கேன். பாரு."

மணி நாலு பத்து. சொரிமுத்து லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். மழைக்கு நெட் நொண்டியது. நான் போனிலிருந்து இணைப்புக் கொடுத்து, அதை ஜன்னல் கம்பியில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் எழவில்லை. நகம் கடிக்கவில்லை. நாற்காலியைக்கூட இழுத்துப் போடவில்லை. முதலில் செத்துக் கிடந்த கட்டத்துக்கு உயிர் கொடுத்தான். பெயர் பொருந்தாவிட்டால் தடுக்கிற வரியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் 'அடையாளம் பார்த்தவர்' என்று புதுக் கட்டம் வைத்தான். பார்த்துக் கொடுக்கிற மனிதர் தன் பெயரைப் போட்டால் போதும். பதினைந்து நிமிடம். ஆறு வருஷப் பழக்கத்தில் அவன் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரீலோட் பண்ணுங்கக்கா."

ஜெனியக்கா கைலாசத்தையும் ஸ்வாதியையும் அழித்துவிட்டு அனுசியா என்று போட்டாள். அடையாளம் பார்த்தவர்: நல்லகண்ணு. சேவ். பச்சையில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று வந்தது.

அதன் பிறகு யாரும் யாரிடமும் விடைபெறவில்லை. சொரிமுத்து அவளை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு தென்காசிக்குப் பறந்தான். அண்ணாச்சி பூட்டிவிட்டுச் செங்கோட்டை பஸ்ஸுக்கு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் ஜெனியக்காவும் எறும்பு மொய்த்த முறுக்கை என்ன செய்வது என்று தெரியாமல் பூட்டிய பின்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெள்ளிக்கிழமை காலை ஜெனியக்கா பக்கத்தைத் திறந்தபோது நானும் போய் நின்றேன், வேடிக்கை பார்க்க. சிவப்பு நட்சத்திரம் இல்லை. பட்டியல் முழுசாகத் திறந்தது. நிறம் திரும்பி வந்திருந்தது. 'பையில் எழுதியிருப்பது' என்று தனியாக ஒரு கட்டம்.

"வேற எதையும் தொட்டியாலே?"

"இல்ல."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே."

அவள் ஒரு துண்டு விவரத்தை அடித்துவிட்டு சேவ் பட்டனைத் தேடினாள். ஸ்கிரீன் ஓரத்தில் மங்கிப்போன அவளுடைய காகித அம்பு இன்னும் ஒட்டியிருந்தது. அதன் நுனிக்கு நேரே, பெரிதாக, 'சேமி' என்று இருந்தது. அம்பைத் தொட முடியாதவன் பட்டனைக் கொண்டுபோய் அம்புக்குக் கீழே வைத்திருக்கிறான்.

ஜெனியக்கா டீ சொன்னாள், அவனுக்கும் சேர்த்து.

பத்து மணியிலிருந்து சொரிமுத்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். வாசலுக்கும் மேஜைக்கும் நடந்ததில் ஈரத் தரையில் ஒரு பாதையே விழுந்துவிட்டது. பதினொன்றே காலுக்கு மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, முடிஞ்சிட்டு! எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்க. கையெழுத்து வாங்கிட்டாங்க. மெடிக்கலுக்குத் தேதி சொல்லுவாங்களாம்."

சொரிமுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி பக்கத்துக் கடையிலிருந்து, "ஆயிட்டா? ஆயிட்டா?" என்றார்.

"ஃபைல் பத்திரமா இருக்குல்லாம்மா?"

"கையிலயே வச்சிருக்கேன் அண்ணே, வுடவே மாட்டேன்." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "அண்ணே... பைய மட்டும் அங்கன பெஞ்சுலயே வச்சிட்டு வந்துட்டேன். பஸ் ஆலங்குளம் தாண்டிட்டு. அம்மாகிட்ட என்ன சொல்ல?"

ஜெனியக்கா டீயைத் துப்பிவிட்டாள்.

சொரிமுத்து எழுந்து பின்னறைக்குப் போய், தானாகவே பட்டியலில் நம்பர் பார்த்து, ரசீது போட்டு, அடையாளம் பார்த்தவர் கட்டத்தில் அண்ணாச்சியின் பெயரை வாங்கிக்கொண்டு, எறும்பு முறுக்குப் பையை வெளியே எடுத்தான். முறுக்கைக் கொட்டி, உதறி, கொடியில் காயப்போட்டான், ராயகிரி அத்தையின் ரேஷனுக்கு.

"யாராவது கேட்டு வந்தா?" என்றேன்.

"இந்த முறுக்கக் கேட்டு எவன் வருவான்? வந்தா என் வீட்டு ஆணியில நாலு கெடக்கு, ஒண்ணு குடுத்துருவேன்." காற்றில் பை திரும்பி, அதில் அச்சடித்த படத்திலிருந்து கைலாசமும் ஸ்வாதியும் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அவன் அதற்குள் கொடியின் மறுமுனைக்கு அதை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான்.